மேரி க்யூரி ஃபெலோஷிப்: காசு யார் கட்டுவது, யார் தருவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா க்யூரி திட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் தன் பொதுப் பணத்திலிருந்து ஆய்வாளர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்து, நாடு விட்டு நாடு போய் வேலை செய்ய வைக்கும் திட்டம் அது. நானும் அந்தப் பணத்தில் பெல்ஜியத்தில் பிஎச்.டி. செய்தவள்தான். இப்போது ஊர் திரும்பி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகளில் ஆய்வு நடத்துகிறேன். அந்த நாலு வரிக்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறாள். மேரி க்யூரியில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன் என்கிறாள். இங்கே ஒரு கன்சல்டன்சிக்காரர் இரண்டரை லட்சம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். (ஒரு தந்தை, பெருந்துறை)

அண்ணா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இதில் சீட் என்று ஒன்று கிடையாது. உங்கள் மகள் விண்ணப்பிப்பது ஒரு வேலைக்கு. சம்பளம் தரப்போவது அவர்கள், நாம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

நடைமுறை இதுதான். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஓர் ஆய்வுத் தலைப்பை முன்வைத்து ஐரோப்பிய ஒன்றியத்திடம் பணம் கேட்கின்றன. இப்போது இதற்கு டாக்டரல் நெட்வொர்க் என்று பெயர். பணம் கிடைத்ததும் பத்துப் பதினைந்து பிஎச்.டி. இடங்களை விளம்பரம் செய்து ஆள் எடுப்பார்கள். அந்த விளம்பரங்கள் ஐரோப்பிய ஆணையம் நடத்தும் யூராக்ஸஸ் இணையதளத்தில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே பிஎச்.டி. வாங்கியிருக்கக் கூடாது. வேலைக்கு எடுக்கும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், வேலைக்குப் போகவிருக்கும் அந்த நாட்டில் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. இங்கேயே படித்த பெண்ணுக்கு இந்த விதி ஒரு தடையே இல்லை. பயோடேட்டா, ஒரு பக்கக் கடிதம், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை, அப்புறம் வீடியோவில் நேர்காணல். இதில் கன்சல்டன்சிக்காரர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் 2016-இல் சேர்ந்தபோது மாதம் 3,110 யூரோ வாழ்க்கைப் படி, 600 யூரோ இடம்பெயர்வுப் படி. 2021-ஆம் ஆண்டு விண்ணப்ப அழைப்பில் வாழ்க்கைப் படி 3,400 ஆனது, அதன் பிறகும் கூடியிருக்கிறது. நாட்டின் விலைவாசியைப் பார்த்துத் தொகை கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆனால் அது முழுவதும் கைக்கு வராது. நிறுவனம் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்குகூட அந்தத் தொகைக்குள்தான் அடக்கம். அப்புறம் நம் பங்கு, வருமான வரி. எல்லாம் போய் எனக்கு 2,000 யூரோவை ஒட்டிக் கையில் நின்றது. அறை வாடகை, சாப்பாடு போகக் கொஞ்சம் வீட்டுக்கும் அனுப்ப முடிந்தது. யூரோவை ரூபாயால் பெருக்கிப் பார்த்து வீட்டுக் கடனெல்லாம் திட்டமிட்டுவிடாதீர்கள்.

பிடித்த பணம் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாம் ஆண்டில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. பல வாரங்கள் லேப் பக்கமே போகவில்லை. சம்பளம் நிற்கவில்லை. மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியை அங்கே எல்லோரும் சேர வேண்டிய காப்பீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. கோடைக்கு முன்னால் விடுமுறைப் படி என்று தனியாக ஒரு தொகை வரும். பிஎச்.டி. மாணவியை அவர்கள் ஊழியராக நடத்துகிறார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

தனியாகப் போகும் பெண் என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். பெல்ஜியத்தில் நகராட்சியில் முகவரியைப் பதிந்ததும் அந்தப் பகுதிப் போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார். நாம் உண்மையிலேயே அங்கே இருக்கிறோமா, அழைப்பு மணியில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு வந்தவர் அடுப்பில் கொதித்த ரசத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் அடையாள அட்டை தருவார்கள். முதல் முறை கதவைத் திறக்கும்போது பயப்பட வேண்டாம் என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: மேடம், நம்மிடமும் நல்ல லேப் இருக்கிறது, நல்ல கைடு இருக்கிறார். பயிற்சி என்று அங்கே அப்படி என்ன புதிதாகத் தருகிறார்கள்? (ஆய்வு மாணவர், சேலம்)

நல்ல கேள்வி, தம்பி. கருவிகளை மட்டும் பார்த்தால் இன்று பெரிய வித்தியாசம் இல்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எங்கே இருந்தாலும் ஒரே படத்தைத்தான் காட்டும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நெட்வொர்க்கில் பிஎச்.டி. செய்பவர் சொந்த லேபுக்கு வெளியே, வேறு நாட்டில் அல்லது வேறு நிறுவனத்தில், கொஞ்ச காலம் வேலை செய்வது திட்டத்திலேயே இருக்கிறது. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அப்படிப் போகலாம். செகண்ட்மென்ட் என்பார்கள். என்னை நெதர்லாந்தில் ஒரு தண்ணீர்த் தொழில்நுட்பக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அதுவரை நான் உள்ளங்கை அளவுச் சவ்வைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தவள்.

அங்கே முதல் வாரமே ஒரு பழைய ஆர்.ஓ. உருளையை, அதாவது தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வைச் சுருட்டி அடைத்த குழாயை, மேசைமேல் போட்டார்கள். எட்டு அங்குல விட்டம், ஒரு மீட்டர் நீளம், உள்ளே தண்ணீர் ஏறியதால் தூக்க இரண்டு பேர் வேண்டும். இரு முனை மூடிகளையும் ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். மேலே சுற்றிய கண்ணாடியிழை ஓட்டை நீளவாக்கில் வெட்டினோம். உள்ளே சுருட்டி வைத்த சவ்வுத் தாள்களை ஒவ்வொன்றாக விரித்தோம். தாளுக்கும் தாளுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வலை முழுக்கப் பழுப்பு நிறத்தில் கொழகொழப்பு, குளத்துச் சேற்றின் நாற்றம். அதைக் குறிப்பிட்ட பரப்பளவுக்குச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, எடை போட்டு, உலையில் எரித்தோம். எரிந்து போனது உயிரிப்பொருள், மிஞ்சிய சாம்பல் உப்பும் மண்ணும். சவ்வை உடற்கூறாய்வு செய்வது என்றே தொழிலில் சொல்வார்கள். உருளைகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். தண்ணீர் முதலில் நுழையும் உருளையில் இந்தக் கொழகொழப்பு அதிகம். கடைசி உருளையில், உப்பு அடர்ந்துபோன இடத்தில், சுண்ணாம்பு போலப் படிவு கட்டியிருக்கும். ஆக, எந்த உருளை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்காமல் எந்த மருந்து போட்டுக் கழுவுவது என்று சொல்லவே முடியாது.

நான் திருப்பூர்க்காரி. அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னபோது எங்கள் வீட்டில் சம்பளம் நின்றது. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது என்றானதால், இன்று அங்கே எல்லாமே ஆர்.ஓ. சவ்வை நம்பித்தான் ஓடுகிறது. சவ்வு அடைத்துக்கொண்டால் பட்டறை நிற்கும். இப்போது என் மாணவர்கள் திருப்பூரிலிருந்து வரும் பழைய உருளைகளை அதே முறையில் அறுத்து விரிக்கிறார்கள். ஐரோப்பிய வரிப்பணத்தில் நான் கற்ற வேலை அது.

கேள்வி: என் தீசிஸ் சப்மிட் செய்து ஆறு மாதம் ஆகிறது, வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் நடக்கவில்லை. போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா? கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? (ஆய்வு மாணவி, காரைக்குடி)

மேரி க்யூரி திட்டத்திலேயே பிஎச்.டி. முடித்தவர்கள் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து விண்ணப்பிக்கும் பிரிவு இது. பட்டமளிப்பு விழா நடந்து சான்றிதழ் கையில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கடைசித் தேதிக்குள் வைவா முடிந்து நீங்கள் தேறியிருக்க வேண்டும். சப்மிட் செய்தது மட்டும் போதாது. கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் வரும். நம் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வெளித் தேர்வாளரின் அறிக்கைக்காகவே ஒரு வருடம் காத்துக் கிடக்கிறார்கள். அந்தத் தாமதத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருட வாய்ப்பு போகிறது. பரீட்சைப் பிரிவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனத்தில் கொள்ளுங்கள். நீங்கள் வாரம் ஒருமுறை போய் ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். 2024-இல் 10,360 பேர் விண்ணப்பித்தார்கள், 1,696 பேருக்குக் கிடைத்தது. ஆறு பேரில் ஒருவர். 2025-இல் விண்ணப்பங்கள் 17,058 ஆகிவிட்டன. ஒரே ஆண்டில் அவ்வளவு ஏற்றம். அதனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மதிப்பெண் போடும் முறை தெரிந்தால் எழுதுவது சுலபம். ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், அதனால் உங்கள் எதிர்காலத்துக்கும் அறிவியலுக்கும் சமூகத்துக்கும் என்ன பயன் என்பதற்கு 30, எப்படிச் செய்து முடிக்கப் போகிறீர்கள் என்பதற்கு 20. நம்மவர்கள் முதல் பகுதியைப் பிரமாதமாக எழுதிவிட்டு, இரண்டாம் பகுதியில் பொதுவாக நாலு நல்ல வார்த்தை போட்டு முடித்துவிடுகிறார்கள். 30 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஆண்டில் நீங்கள் எந்தத் திறமையைப் புதிதாகக் கற்பீர்கள், அதை அந்த லேபில் யார் சொல்லிக் கொடுப்பார், அதற்கப்புறம் எந்த மாதிரி வேலைக்குப் போவீர்கள் என்று பெயரும் மாதமும் போட்டு எழுதுங்கள். பெல்ஜியத்தில் என் பக்கத்து மேசைத் தோழிக்கு மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: அறிவியல் சிறப்பு, ஆனால் இந்த ஆய்வாளர் இதனால் எப்படி வளர்வார் என்பது தெளிவாக இல்லை.

85 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியும் பணம் தீர்ந்துபோனதால் கிடைக்காதவர்களுக்கு ஒரு தரச் சான்று தருவார்கள். அதைக் காட்டினால் சில நாடுகள் தங்கள் சொந்த நிதியிலிருந்து அதே திட்டத்துக்குப் பணம் தருகின்றன. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐரோப்பியர் தங்கள் வரிப்பணத்தை நம் பிள்ளைகளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? இது நம் மூளைகளை இழுத்துக்கொள்ளும் வேலை இல்லையா? போனவர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ஐயா, அவர்கள் தர்மம் செய்வதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நல்ல ஆட்கள் ஐரோப்பாவில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம், அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 2021 முதல் 2027 வரைக்கான ஹொரைசன் யூரோப் என்ற ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டத்தின் 95.5 பில்லியன் யூரோவில் சுமார் 6.6 பில்லியன் இதற்கு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இதில் சேர்கிறவர்களில் இந்தியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

ஆனால் திட்டத்துக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா பிறந்த வார்சா அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்தது. பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துக் காசு சேர்த்து 1891-இல் பாரிஸ் போனார். பணம் தீர்ந்து படிப்பு நிற்கவிருந்த நேரத்தில், 1893-இல், வார்சாவிலிருந்து அலெக்ஸாந்த்ரோவிச் உதவித்தொகை 600 ரூபிள் வந்தது. அதில்தான் கணிதப் பட்டத்தையும் முடித்தார். பின்னால் எஃகின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து சம்பாதித்த பணத்திலிருந்து அந்த 600 ரூபிளையும் திருப்பிக் கட்டினார். கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்னொரு மாணவருக்குப் போகட்டும் என்று அவரே செய்தது.

நம் ஊரிலும் இதைச் செய்திருக்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கு, 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டமே இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று அன்றும் கேள்வி வந்தது. கேள்வியைத் தாண்டிக் கொடுத்தார்கள். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் போவதற்கு ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியதும் இதே பல்கலைக்கழகம்தான். கப்பல் கட்டணத்துக்கும் உடைக்கும் தனியாகக் கொடுத்தார்கள். அந்த உதவித்தொகையில் ஒரு பகுதி கும்பகோணத்தில் பெற்றோருக்குப் போனது. 1918 டிசம்பரில், நோயில் கிடந்தபோது, ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் மறுபடி அறிவித்தது. அதற்கு ராமானுஜன் எழுதிய பதிலை நான் என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்: தன் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போக, தன் அவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

எனவே, பிள்ளைகள் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஐயா. திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் என் கவலை. திரும்ப விரும்பும் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்திய அரசின் ராமானுஜன் ஃபெலோஷிப் இருக்கிறது. மாதம் 1,35,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம், ஐந்து ஆண்டுகள். நான் அதில்தான் வந்தேன். நல்ல திட்டம். ஆனால் ஐந்து ஆண்டு முடிந்ததும் வேலை தர அந்த நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. என்னோடு வந்த இரண்டு பேர் நான்காம் ஆண்டிலேயே மறுபடி விமானம் ஏறினார்கள், ஊர்ப்பற்று குறைந்ததால் அல்ல. உள்ளூரிலேயே ஆய்வு செய்பவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 31,000-இலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. சந்தோஷம். ஆனால் அது மாதா மாதம் வர வேண்டாமா? நாலு மாதம் வராமல் அப்புறம் மொத்தமாக வந்தால், அதற்குள் அந்தப் பிள்ளை வாடகைக்கு யாரிடம் கை நீட்டுவான்? தொகையை உயர்த்துவதைவிட, மாதம் முதல் தேதி தவறாமல் போட்டாலே பாதிப் பேர் ஆய்வை விட்டு ஓட மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: எனக்கு மூன்று வயதில் மகன் இருக்கிறான். பிரசவத்துக்காக இரண்டு வருடம் ஆய்வை நிறுத்தியிருந்தேன். இனி எனக்கெல்லாம் இது சரிவருமா அக்கா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

சரிவரும், தங்கச்சி. போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப்புக்கு, பிஎச்.டி.க்குப் பிறகு எட்டு ஆண்டுக்கு மேல் ஆய்வு அனுபவம் இருக்கக் கூடாது என்பது விதி. குழந்தைக்காக விட்ட காலம் அந்த எட்டில் சேராது. விண்ணப்பத்தில் அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், ஒளிக்காதீர்கள். குடும்பம் இருந்தால் தனிப் படி உண்டு: 2021 அழைப்பிலிருந்து மாதம் 660 யூரோ. குடும்பம் உங்களோடு வந்தாலும் வராவிட்டாலும் கிடைக்கும். பெல்ஜியத்தில் நான் இருந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியில் குழந்தைகள் இரண்டரை வயதிலேயே மழலையர் பள்ளிக்குப் போகிறார்கள், கல்விக் கட்டணம் கிடையாது. என் லேபில் ஒரு கேரளத்துக்காரப் பெண் கணவரையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டி வந்து வேலை செய்தார். கணவருக்கு வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனது. அதை முதலிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய கலைக் கல்லூரி. எங்கள் துறைக்கு இதில் நேரடியாகப் பணம் வாங்க முடியுமா? (வேதியியல் பேராசிரியர், திருநெல்வேலி)

பொதுவாக முடியாது, சார். இந்திய நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் தானாக வராது. ஒரு நெட்வொர்க்கில் கூட்டாளியாகச் சேரலாம். உங்கள் மாணவர்கள் தனிநபராக விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: ஐரோப்பியப் பேராசிரியருக்கு முதல் மெயில் எப்படி எழுதுவது? நாற்பது பேருக்கு எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை. (ஆய்வு மாணவர், மதுரை)

நாற்பது பேருக்கும் ஒரே மெயில் போயிருக்கும் என்று நினைக்கிறேன், தம்பி. எனக்கே இப்போது மாதா மாதம் அப்படி மெயில்கள் வருகின்றன. ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று ஆரம்பிக்கும்போதே அது எனக்காக எழுதியது இல்லை என்று தெரிந்துவிடும்.

ஐந்து பேரை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவரும் கடந்த இரண்டு ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையை முழுவதும் படியுங்கள். மெயிலில் முதல் வரியிலேயே நீங்கள் யார், பிஎச்.டி. எப்போது முடிந்தது, எந்த ஃபெலோஷிப்புக்கு அவரோடு சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவது பத்தியில் அந்தக் கட்டுரையில் எந்தப் படத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன கேள்வி வந்தது, உங்கள் கையில் இருக்கும் எந்த முறையால் அதற்கு விடை தேடலாம் என்று எழுதுங்கள். மூன்றாவதில் உங்கள் சிறந்த கட்டுரை ஒன்று. அவ்வளவுதான், பயோடேட்டாவை இணைத்து அனுப்புங்கள். ‘உங்கள் பெருமைமிக்க ஆய்வகம்’ போன்ற வரிகள் வேண்டாம்.

போஸ்ட்டாக்டோரல் அழைப்பு வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் திறந்து செப்டம்பரில் மூடும். முடிவு பிப்ரவரியில் வரும். அதனால் மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அந்த நேரத்தில் ‘எங்களோடு விண்ணப்பிக்க ஆள் தேவை’ என்று யூராக்ஸஸில் அறிவிப்பும் போடுகின்றன. அங்கே எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடுதல். பத்து நாளில் பதில் இல்லையென்றால் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள். ஜூனுக்குள் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டால், பத்துப் பக்கத் திட்டத்தை அவரோடு நாலைந்து முறை திருத்தி எழுத நேரம் கிடைக்கும்.